மாதவிடாய்க்கு முன் வரும் பொருமலும் வீக்கமும்: எதை முதலில் செய்து பார்ப்பது?

மாதவிடாய்க்கு ஒரு கிழமை இருக்கும்போதே வயிறு பொருமிக்கொண்டு வருகிறது, மோதிரம் இறுகுகிறது, பின்னேரம் செருப்பு வார் காலில் பதிந்து கிடக்கிறது என்று யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் வாய்திறந்து சொன்னால், ஆளுக்கொரு மருந்து வந்து சேரும். அம்மம்மா மல்லி அவித்துத் தருவார். வேலைசெய்யும் இடத்தில் பக்கத்து மேசை அக்கா, பாமசியில் “தண்ணி போற குளிசை” கேட்டு வாங்கச் சொல்வார். கனடாவில் இருக்கும் மச்சாள் அடுத்த பார்சலில் மக்னீசியம் போத்தல் ஒன்று வைத்து அனுப்புவாள். கைபேசியில் வரும் காணொளி உப்பே கூடாது என்று சொல்லும். இதில் எதுவும் முழுப் பொய் இல்லை. ஆனால் எல்லாம் எல்லாருக்கும் பொருந்தாது. சிலதை நாமாகத் தொடவே கூடாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான பெண்கள் முதல் இரண்டு மாதமும் உப்பைக் குறைப்பது, தினமும் நடப்பது என்ற இரண்டோடு நிற்கலாம். அது போதாவிட்டால் கல்சியம். அதுவும் போதாவிட்டால்தான் வைத்தியர் எழுதித் தரும் குளிசை. நீர் போக்கும் குளிசையைச் சொந்த எண்ணத்தில் வாங்கிப் போடுவதற்கு இந்த வரிசையில் எங்கேயும் இடமில்லை.

காற்றா, தண்ணியா?

வயிறு ஊதிக் கிடக்கிறது என்று நாம் ஒரே பேச்சில் சொல்வதற்குள் இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று குடலில் நிற்கும் காற்று. மற்றது உடம்பில் தங்கும் தண்ணீர். காற்றுக்கு நீர் போக்கும் குளிசை போட்டும், கால் வீக்கத்துக்கு ஓமத்தண்ணி குடித்தும் மினக்கெடுகிறவர்கள் நிறையப் பேர்.

சூலகத்தில் இருந்து முட்டை வெளிவந்த பிறகு, அதாவது அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் இரண்டு கிழமைக்கு முன்பிருந்து, புரோஜெஸ்தரோன் என்ற ஓமோன் கூடுகிறது. அது குடலை மந்தமாக்கும். சாப்பாடு மெதுவாக நகரும், மலம் இறுகும், உள்ளே காற்று சேரும். மாதவிடாய் நெருங்கியதும் அந்த ஓமோன் குறைந்து, கருப்பையைச் சுருங்கவைக்கும் புரோஸ்டகிளாண்டின்கள் கூடும்போது குடலும் சேர்ந்து இளகும். முதல் நாளில் சிலருக்கு வயிற்றால் போவது இதனால்தான்.

தண்ணீர் தங்குவதற்குக் காரணம் வேறு. அதே நாட்களில் ஈஸ்திரஜனும் புரோஜெஸ்தரோனும், அவற்றோடு அல்டொஸ்தரோன் என்ற இன்னொரு ஓமோனும் சேர்ந்து, சிறுநீரகம் எவ்வளவு உப்பை வெளியே விடுவது என்ற கணக்கை மாற்றுகின்றன. உப்பு நின்றால் தண்ணீரும் நிற்கும். மார்பில், விரலில், கணுக்காலில், கண்ணுக்குக் கீழே. நிறை ஒன்று இரண்டு கிலோ கூடிக் காட்டலாம். அது கொழுப்பு இல்லை, பட்டினி கிடந்து இறக்கவேண்டிய நிறையும் இல்லை. இந்த வீக்கம் உச்சத்துக்கு வருவது பெரும்பாலும் இரத்தம் காணும் முதல் நாளில்தான். அடுத்த சில நாட்களில் தானாகவே வடிந்துவிடும். இதைத் தெரிந்து வைத்திருப்பது முக்கியம். ஏனென்றால் அந்த நாட்களில் எதைக் குடித்துக்கொண்டிருந்தாலும் வீக்கம் வடிந்த பெயர் அதற்குத்தான் போகும்.

எது உங்களுடையது என்று பார்க்க ஒரு பரிசோதனையும் தேவையில்லை. காலையில் எழும்பும்போது வயிறு தட்டையாக இருந்து, மத்தியானச் சாப்பாட்டோடு ஏறி, இரவு பாவாடை நாடாவைத் தளர்த்தவேண்டி வந்தால், காற்றுப் பிரிந்ததும் அல்லது மலம் கழிந்ததும் லேசாகிவிட்டால், அது காற்று. காலையிலேயே மோதிரம் கழற்றக் கஷ்டமாக இருந்தால், மார்பு பாரமாகி நொந்தால், காலுறையின் விளிம்பு தடமாக நின்றால், அது தண்ணீர். கணுக்காலுக்குச் சற்று மேலே முன்னெலும்பின் மீது பெருவிரலை வைத்து, ஐந்து பத்து வினாடி அழுத்தி எடுத்துப் பாருங்கள். குழி விழுந்து, அது நிரம்ப நேரம் எடுத்தால் அங்கே நீர் நிற்கிறது. மாதவிடாய் முடிந்து ஒரு கிழமை கழித்தும் அதே குழி விழுந்தால் வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல் வைத்தியரிடம் போங்கள். சிறுநீரகம், இதயம், தைரொயிட் என்று வேறு இடத்தில் கோளாறு இருக்கலாம்.

பலருக்கு இரண்டும் கலந்துதான் வரும். அதற்குக் குசினிச் சுவரில் தொங்கும் கலண்டர் போதும். காற்று நாளுக்குக் ‘கா’, தண்ணி நாளுக்குத் ‘த’, மாதவிடாய் நாளுக்கு ஒரு வட்டம் என்று இரண்டு மாதம் குறித்து வந்தால் எது எப்போது வருகிறது என்று கண்ணுக்குத் தெரியும். பிறகு வைத்தியரிடம் போக வேண்டி வந்தாலும் அவர் முதலில் கேட்பது இதைத்தான்.

உப்பு

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தட்டி வைத்த ஒரு தேக்கரண்டி. மூன்று நேரச் சாப்பாட்டுக்கும் இடையில் கொறிப்பதற்கும் சேர்த்து அவ்வளவுதான். எங்கள் சமையலில் அந்தக் கரண்டி மத்தியானத்தோடு முடிந்துவிடும்.

உப்பைக் குறைக்கச் சொன்னால் எல்லாரும் குழம்புச் சட்டியைத்தான் பார்க்கிறார்கள். குழம்பில் உப்புக் குறைந்தால் வீட்டில் எல்லாருக்கும் முகம் சுருங்கும், இரண்டாம் நாளே திட்டம் கைவிடப்படும். பார்க்க வேண்டியது சோற்றுக் கோப்பையின் ஓரத்தை. மோர்மிளகாய், பப்படம், ஒரு கரண்டி ஊறுகாய், சில நாளில் கருவாட்டுப் பொரியல். மோர்மிளகாய் உப்புப் போட்ட மோரில் ஊறி ஊறிக் காய்ந்தது. பப்படத்தில் உப்போடு சோடாவும் சேருகிறது, அதுவும் சோடியம்தான். இவற்றை மாதவிடாய்க்கு முந்திய பத்து நாளுக்கு மட்டும் நிறுத்திப் பார்த்தால் குழம்பின் ருசியில் கைவைக்காமலே நல்ல பங்கு உப்பு குறைந்துவிடும். சொதிக்கு மட்டும் உப்பைக் கொஞ்சம் குறைத்துத் தேசிக்காய்ப் புளியைக் கூட்டுங்கள். புளி நாக்கில் நின்றால் உப்பின் குறை அவ்வளவாகத் தெரியாது.

கருவாட்டை விடவே முடியாது என்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். குழாயடியில் இரண்டு தரம் அலசிவிட்டுச் சட்டியில் போட்டால் மேலே ஒட்டியிருக்கும் உப்புத்தூள் மட்டும்தான் போகும். துண்டாக வெட்டி, சுடுதண்ணியில் அரை மணித்தியாலம் ஊறவிட்டு, அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணியில் இன்னொரு முறை ஊறவிடுங்கள். ஊற்றும் தண்ணியை நாக்கு நுனியில் தொட்டுப் பாருங்கள். முதல் தண்ணி கடல்தண்ணி போலக் கரிக்கும், இரண்டாவது அதில் பாதிதான் கரிக்கும். பிறகு அந்தக் குழம்புக்குத் தனியாக உப்புப் போடத் தேவையில்லை, புளியும் உறைப்பும் போதும். ஒடியற்கூழுக்கு வேறு வழி. நண்டு, இறால், மீன் எல்லாம் தங்கள் உப்போடு வந்து ஒரே பானையில் சேருகின்றன, அதை ஊறவைத்துக் கழுவ முடியாது. கூழ் காய்ச்சும் நாளை மாதவிடாய் முடிந்த கிழமைக்குத் தள்ளிவையுங்கள்.

நாக்குக்குத் தெரியாத உப்பு இன்னொரு பக்கம். பாண், பிஸ்கட், சூப் கட்டி, கடைக் கொத்துரொட்டி, மிக்சர். நூடில்ஸ் பக்கெட்டுக்குள் வரும் சுவைத்தூள் ஒன்றே அன்றைக்குரிய உப்பில் பெரும் பங்கை எடுத்துவிடும். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு வீக்கம் கூடுதலாக இருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இரவுச் சாப்பாட்டைத்தான். தீவுப்பகுதியில் சில கிணறுகள் உவர். அந்தத் தண்ணியைக் குடிப்பவர்களுக்குச் சோடியம் அதிலேயும் கொஞ்சம் சேரும். சமையலுக்கும் குடிக்கவும் நல்ல தண்ணி எடுக்க வசதி இருந்தால் அதை எடுங்கள்.

உப்பைக் குறைப்பது தண்ணீருக்கு மட்டுமல்ல, பொருமலுக்கும் ஓரளவு கைகொடுக்கிறது. அமெரிக்காவில் இரத்த அழுத்தத்துக்காக நடத்தப்பட்ட டாஷ் என்ற உணவு ஆய்வின் தரவுகளைப் பிறகு எடுத்துப் பார்த்தபோது, ஒரே ஆட்கள் உப்புக் கூடிய சாப்பாடு சாப்பிட்ட காலத்தில் வயிறு ஊதுவது சுமார் 27 வீதம் கூடியிருந்தது. அது மாதவிடாய்ப் பொருமலுக்கென்று நடந்த ஆய்வு இல்லை, ஆண்களும் அதில் இருந்தார்கள். ஆனாலும் செலவில்லாத, பக்க விளைவில்லாத, இரத்த அழுத்தத்துக்கும் நல்லதான ஒன்றைத் தொடங்க அந்த அளவு சான்று எனக்குப் போதும்.

உப்பைக் குறைக்கிறேன் என்று தண்ணீரையும் குறைத்துவிடாதீர்கள். தண்ணி குடித்தால் இன்னும் ஊதும் என்ற பயம் பலருக்கு உண்டு. யாழ்ப்பாணத்து வெயிலில் தண்ணியைக் குறைத்தால் மலம் இறுகி, காற்றுத்தான் கூடும். இளநீரும் வாழைப்பழமும் கீரையும் பொற்றாசியம் தருபவை. பொற்றாசியம் சோடியத்தை வெளியே தள்ள உதவும். ஒரு கோப்பை இளநீரில் சுமார் 600 மில்லிகிராம் பொற்றாசியம் இருக்கிறது. சிறுநீரக வருத்தம் இருப்பவர்களுக்கு இதே இளநீர் ஆபத்து, அவர்கள் வைத்தியரைக் கேட்காமல் கூட்டக்கூடாது.

பருப்பும் கடலையும்

உங்கள் கலண்டரில் ‘கா’ அதிகம் என்றால் இந்தப் பக்கம் பாருங்கள். மரக்கறிச் சாப்பாடு நல்லது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் மேலே சொன்ன ஆய்விலேயே நார்ச்சத்துக் கூடிய சாப்பாடு பொருமலைக் கூட்டியது. வெள்ளிக்கிழமையும் விரத நாளும் மாதவிடாய்க்கு முந்திய கிழமையோடு சேர்ந்து வந்தால், காலையில் கௌபி, மத்தியானம் பருப்பும் பயற்றங்காயும், பின்னேரம் கடலைச் சுண்டல் என்று மந்தமான குடலுக்குள் சுமை ஏறுகிறது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் விரதம் பிடிக்கும் வீடுகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கடலையையும் கௌபியையும் இரவே ஊறப்போட்டு, அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணியில் அவியுங்கள். அந்த ஐந்தாறு நாளில் ஒரு நேரத்துக்கு ஒரு பருப்பு வகை போதும். உள்ளி, வெங்காயம், பலாப்பழம், சிலருக்குப் பால் தேத்தண்ணியும் காற்றைக் கூட்டும். எது உங்களுக்குக் கூட்டுகிறது என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள், எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்ட வேண்டாம். ஏப்பம் வரும் என்று சோடா குடிப்பது காற்றின் மேல் காற்றை ஏற்றுகிற வேலை.

ஓமம், பெருஞ்சீரகம், இஞ்சி மூன்றும் காற்றுக்கு நல்லவை. சாப்பிட்ட பின் ஒரு கோப்பை சுடச்சுடக் குடித்தால் பலருக்கு வயிறு இளகும். கால் வீக்கத்துக்கு அவற்றால் ஒன்றும் ஆகாது.

நடை

காற்று, தண்ணீர் இரண்டுக்கும் பொதுவாக உதவுவது இது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கிக் காலில் தேங்கிய நீரை மேலே தள்ளும். குடலும் அசையும். வங்கியில் முகப்பில் இருப்பவர், நாள் முழுவதும் தையல் மெசினில் இருப்பவர், வகுப்பில் நின்றுகொண்டே படிப்பிக்கிற ரீச்சர் எல்லாருக்கும் கால் தொங்கியே கிடக்கிறது. ஸ்கூட்டி வந்த பிறகு சைக்கிளும் நடையும் நின்றுவிட்டது எங்கள் பெண்களுக்கு நடந்த ஒரு பெரிய இழப்பு. பின்னேரம் வெயில் தாழ்ந்ததும் அரை மணித்தியாலம் நடந்துவிட்டு வந்து, கட்டிலில் படுத்துக் காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். சைக்கிள் என்றாலும் சரி.

பார்சலில் வரும் போத்தல்கள்

உப்பும் நடையும் இரண்டு மாதத்தில் போதிய மாற்றம் தராவிட்டால் நான் அடுத்ததாகச் சொல்வது கல்சியம். மச்சாள் அனுப்பும் போத்தல்களில் அதிக சான்று இருப்பது அதற்குத்தான். 1998இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மாதவிடாய்க்கு முந்திய தொந்தரவு உள்ள பெண்களில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 1200 மில்லிகிராம் கல்சியமும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் குளிசையும் கொடுத்தார்கள். மூன்றாம் மாதத்தில் கல்சியம் எடுத்தவர்களின் தொந்தரவு 48 வீதம் குறைந்தது. நீர் தங்குவதும் குறைந்தவற்றில் ஒன்று. வெறும் குளிசை எடுத்தவர்களுக்கும் 30 வீதம் குறைந்தது. இந்த இரண்டாவது எண்ணை மறக்கக்கூடாது. ஒன்றுமில்லாத குளிசைக்கே இவ்வளவு குறைகிறது என்றால், “நான் குடித்தேன், எனக்குச் சுகமானது” என்று யார் எதைச் சொன்னாலும் அதை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது. மருந்தின் உண்மையான பங்கு அந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான். அது சிறியது இல்லை, ஆனால் மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். கல்சியம் கார்பனேட் 1250 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் அதில் உள்ள கல்சியம் 500 மில்லிகிராம்தான். 1200ஐயும் குளிசையால் நிரப்பத் தேவையில்லை. ஒரு கோப்பை பாலில் 240 அளவில் வரும். 100 கிராம் குரக்கன் மாவில் 340 அளவில் இருக்கிறது, காலையில் குரக்கன் பிட்டு அவித்தால் அதில் ஒரு பங்கு வந்துவிடும். எள்ளுருண்டை, முருங்கையிலை, முள்ளோடு சாப்பிடும் நெத்தலி எல்லாம் கணக்கில் சேரும். நெத்தலியைப் பச்சையாக வாங்குங்கள். கருவாடாக வாங்கினால் கல்சியத்தோடு உப்பும் வந்துவிடும். மிச்சத்துக்கு மட்டும் குளிசை, அதுவும் சாப்பாட்டோடு.

கல்சியத்துக்கும் சங்கடங்கள் உண்டு. கார்பனேட் வகை மலத்தை இறுக்கும். காற்றுப் பொருமல்தான் முக்கியப் பிரச்சினை என்றால் அது நிலைமையைக் கெடுக்கலாம். இரும்புக் குளிசை எடுப்பவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போடக்கூடாது, கல்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் வையுங்கள். தைரொயிட்டுக்குத் தைரொக்சின் எடுப்பவர்கள் நான்கு மணித்தியால இடைவெளி விட வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் வைத்தியரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

மக்னீசியத்துக்குச் சான்று இதைவிடக் குறைவு. 200 மில்லிகிராம் தினமும் எடுத்த ஒரு சிறிய ஆய்வில், இரண்டாம் மாதத்தில் நீர் தங்குவது குறைந்தது. அது மலத்தை இளக்கும், ஆகவே மலச்சிக்கலும் வீக்கமும் சேர்ந்து வருபவர்களுக்கு என் தெரிவு கல்சியக் குளிசையைவிட இதுதான். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் தொடக்கூடாது. விற்றமின் பி6 பற்றி ஒன்றே ஒன்று: ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம். அதிக அளவில் நெடுநாள் எடுத்தால் கை, கால் விறைத்து நரம்பு பாதிக்கப்படும். மல்ரிவிற்றமின் ஒன்று, பி6 தனியாக ஒன்று என்று இரண்டு போத்தலில் இருந்தும் சேர்வதைக் கூட்டிப் பாருங்கள்.

வைட்டெக்ஸ் என்ற மூலிகைக் குளிசையும் வெளிநாட்டில் இருந்து வருகிறது. அது மத்தியதரைக்கடல் பக்கம் வளரும் ஒரு செடியின் பழம். எங்கள் நொச்சி அதன் உறவுச்செடி, ஆனால் அதே செடி இல்லை. ஆகவே நொச்சியிலையை அவித்துக் குடித்தால் அதே பலன் வரும் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. 2001இல் வெளியான ஆய்வொன்றில் வைட்டெக்ஸ் எரிச்சல், கோபம், தலையிடி, மார்பு பாரம் ஆகியவற்றைக் குறைத்தது. குறையாமல் நின்றது வயிற்றுப் பொருமல். பொருமலுக்காக அதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

மல்லி, பார்லி, நெருஞ்சில்

மல்லித்தண்ணியும் பார்லித்தண்ணியும் கொஞ்சம் கூடுதலாகச் சிறுநீர் போகச்செய்யலாம். சீனி போட்ட குளிர்பானத்துக்குப் பதிலாக அவற்றைக் குடிப்பது நல்லது, சூட்டுக்கும் இதமாக இருக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். மோர்மிளகாயும் பப்படமும் ஓரத்தில் இருக்க மல்லித்தண்ணியால் கால் வீக்கம் வடியாது. பார்லி சிலருக்குக் காற்றையும் கூட்டும்.

நெருஞ்சில், சாரணை வேர் வேறு தரம். சித்த வைத்தியத்தில் அவை நீர் இறக்கும் மருந்துகள், ஆகவே மருந்து என்ற மரியாதையோடுதான் பார்க்க வேண்டும். சித்த வழியில் போக விருப்பம் என்றால் கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது, அங்கே போய் நாடி காட்டி, அளவு கேட்டு எடுங்கள். வேறு குளிசை எடுக்கிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். கடையில் பொடியாக வாங்கி, கைக்கு வந்த அளவில் கலக்கிக் குடிப்பதும், அதோடு ஆங்கில மருந்தில் நீர் போக்கும் குளிசையும் போடுவதும் சிறுநீரகத்துக்குச் செய்யும் கொடுமை.

தண்ணி போற குளிசை

இதை நான் பயத்தோடு எழுதுகிறேன், ஏனென்றால் போட்டவுடன் பலன் தெரிவது இதில்தான். ஃபுரோசமைட் என்ற நீர் போக்கும் குளிசையைப் போட்டால் சில மணித்தியாலத்தில் சிறுநீர் கொட்டும், மோதிரம் தளரும், அடுத்த நாள் நிறை குறைந்திருக்கும். கல்யாண வீட்டுக்கு முதல் நாள் ஒன்று போட்டுக்கொள்ள யாருக்கும் ஆசை வரும். ஆனால் அந்தத் தண்ணியோடு சோடியமும் பொற்றாசியமும் போகின்றன. வெயிலில் நின்றால் தலை சுற்றும், கெண்டை பிடிக்கும், பொற்றாசியம் மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பே குழம்பும். உடம்பும் சும்மா இருக்காது. தண்ணி குறைந்துவிட்டது என்று அல்டொஸ்தரோனைக் கூட்டி உப்பைப் பிடித்து வைக்கத் தொடங்கும். குளிசையை நிறுத்தினால் முன்பைவிட அதிகமாக வீங்கும். அப்போது திரும்பவும் குளிசை தேவைப்படும். மாதத்துக்கு இரண்டு நாள் இருந்த தொந்தரவு இப்படித்தான் மாதம் முழுவதற்குமாகிறது.

இந்த வகையில் மாதவிடாய் வீக்கத்துக்கு உண்மையில் பொருந்துவது ஸ்பைரோனோலக்டோன். அது அல்டொஸ்தரோனின் வேலையையே தடுக்கிறது. மாதவிடாய்ச் சுற்றின் இரண்டாம் பாதியில் மட்டும் எடுத்தவர்களுக்கு வயிற்று வீக்கமும் மார்பு நோவும் குறைந்ததாக ஆய்வுகள் உண்டு. உப்பு, நடை, கல்சியம் எல்லாம் ஒழுங்காகச் செய்தும் ஒவ்வொரு மாதமும் வேலைக்குப் போக முடியாத அளவு வீக்கம் வருபவர் வைத்தியரிடம் இதைப் பற்றிக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் இது பொற்றாசியத்தை உடம்பில் நிறுத்தும். இரத்தம் சோதித்துப் பார்க்க வேண்டும், அந்த நாட்களில் இளநீரை அளவோடு குடிக்க வேண்டும், பொற்றாசியம் கலந்த மாற்று உப்பைத் தொடக்கூடாது. கர்ப்பம் தரிக்கக்கூடும் என்றால் எடுக்கவே கூடாது, ஆண் குழந்தையின் வளர்ச்சியைப் பாதிக்கும்.

சில கருத்தடைக் குளிசைகளில் இருக்கும் ட்ரோஸ்பிரினோன் ஸ்பைரோனோலக்டோனின் உறவுக்காரன். கருத்தடையும் தேவை, வீக்கமும் பிரச்சினை என்பவர்களுக்கு அது ஒரே கல்லில் இரண்டு மாங்காய். எல்லாக் கருத்தடைக் குளிசையும் இப்படி இல்லை, சிலது முதல் இரண்டு மூன்று மாதம் வீக்கத்தைக் கூட்டும். இரத்தக்கட்டி வந்தவர்கள், கண்ணில் மின்னலடித்து வரும் ஒற்றைத் தலையிடி உள்ளவர்கள், புகைக்கும் 35 வயதைக் கடந்தவர்கள் எடுக்கக்கூடாது.

நோவுக்கும் திருவிழாவுக்கும் போடும் குளிசைகள்

மெஃபனமிக் அசிட், ஐபுபுரூஃபன் இரண்டும் மாதவிடாய் வயிற்று நோவுக்கு நல்ல மருந்துகள். வீக்கத்துக்கு இல்லை. அவை சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் கொஞ்சம் தங்கவைக்கும். நோவு வருமுன் காப்போம் என்று ஒரு கிழமைக்கு முன்பிருந்தே போடத் தொடங்கினால் மோதிரம் இன்னும் இறுகும். இரத்தம் காணும்போது அல்லது நோவு தொடங்கும்போது, சாப்பிட்ட பிறகு போட்டால் போதும்.

அடுத்தது எங்கள் ஊரில் பேசப்படாமல் இருக்கும் ஒன்று. தேர், தீர்த்தம், தங்கச்சியின் கல்யாணம் என்று மாதவிடாயைத் தள்ளிப்போட நோரெதிஸ்தரோன் குளிசையை நிறையப் பெண்கள் எடுக்கிறார்கள். வழக்கமாக எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்து, நாளுக்கு மூன்று தரம். அதன் பக்க விளைவுகளில் வயிறு ஊதுவதும் மார்பு நோவும் வீக்கமும் உண்டு. மாதவிடாய்க்கு முந்திய கிழமை என்று உடம்பு நினைக்கும் காலத்தை நீங்கள் நீட்டிக்கொண்டே போகிறீர்கள், ஆகவே அந்த வீக்கமும் நீளும். கோயிலுக்குப் போகும் ஆசையை நான் குறை சொல்லவில்லை, அந்த முடிவு உங்களுடையது. ஆனால் தேருக்கு ஒரு தரம் என்று தொடங்கி, வருடத்தில் வரும் ஒவ்வொரு விசேஷத்துக்கும் போட்டுவிட்டு, “எனக்கு ஏன் இப்படி வீங்குது” என்று கேட்கும் பெண்ணுக்கு வேறு எந்த மருந்தும் தேவையில்லை, அந்தக் குளிசையைக் குறைப்பதுதான் மருந்து. இரத்தக்கட்டி வரலாறு உள்ளவர்கள் அதை எடுக்கவே கூடாது.

யாருக்கு எது

இளவயதுப் பிள்ளையாக இருந்தால், அதாவது பல்கலைக்கழக விடுதியில் இருபது இருபத்திரண்டு வயது, கல்சியமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். கொத்தையும் நூடில்ஸையும் அந்தப் பத்து நாள் நிறுத்தி, வளவைச் சுற்றி நடக்கச் சொல்வேன். கர்ப்பம் தரிக்க முயலும் பெண்ணுக்கு உப்பு, நடை, சாப்பாட்டுக் கல்சியம். குளிசைப் பக்கம் வைத்தியர் சொன்னால் மட்டும். மாதவிடாய் தள்ளிப்போய் வயிறும் மார்பும் பாரமாக இருந்தால் அவர் முதலில் செய்யவேண்டியது கர்ப்பப் பரிசோதனை. மலச்சிக்கலோடு அல்லாடும் முப்பது வயதுக்காரிக்குக் கடலையைக் குறைத்து, ஓமத்தண்ணி, வாழைப்பழம், பப்பாப்பழம், தேவைப்பட்டால் மக்னீசியம். உப்புக்கு எவ்வளவு கவனம் எடுத்தாலும் விரல் வீங்கும் நாற்பது வயதுக்காரி, சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) பணிமனையில் அல்லது பக்கத்து வைத்தியசாலையில் இரத்த அழுத்தமும் சிறுநீரும் தைரொயிட்டும் ஒரு முறை பார்த்துவிட்டுக் கல்சியம் தொடங்கலாம்.

ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால், மூச்சு வாங்கினால், முகமும் காலும் மாதம் முழுவதும் வீங்கிக் கிடந்தால், அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மாதவிடாயின்போது தாங்க முடியாத நோவும் உறவின்போது நோவும் சேர்ந்து இருந்தால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாற்பத்தைந்து ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்குப் புதிதாகப் பொருமல் தொடங்கி, மாதக் கணக்கோடு ஒட்டாமல் நாள்தோறும் நின்று, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிரம்பி, அடிக்கடி சிறுநீர் போனால், அதை வாய்வு என்று தள்ளிவிடக்கூடாது. சூலகப் புற்றுநோய் இப்படித்தான் அரவமில்லாமல் வரும். வைத்தியரிடம் “வயிறு ஊதுது” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் வாய்வுக் குளிசையோடு அனுப்பிவிடக்கூடும். எப்போது தொடங்கியது, எத்தனை கிழமையாக விடாமல் இருக்கிறது, மாதவிடாயோடு சேர்ந்து வருகிறதா இல்லையா என்ற மூன்றையும் சொல்லி, ஸ்கான் எடுக்க வேண்டுமா என்று நேரடியாகக் கேளுங்கள். கலண்டரைக் கழற்றிக் கையோடு கொண்டுபோனாலும் நல்லதுதான்.